மூன்றாவது சிலிண்டர்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பா,

என்னுடைய பழைய வொக்ஸ்வாகன் பீற்றில் காருக்கென்று நீ ஹனோவரிலிருந்து அனுப்பிய பொதி சென்ற மாதமே பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. எஞ்சின் அறையைச் சுற்றிப் போடும் றப்பர் பட்டி, தேமோஸ்ரற், செம்புக் கம்பியால் பின்னிய எர்த் பட்டி, சிலிண்டர்களுக்கு அடியில் வரும் சிறு தகடுகள் என்று நான் கேட்டவை எல்லாம் ஒன்றும் குறையாமல் இருந்தன. உடனே பதில் எழுதாததற்காக மன்னித்துக்கொள். எல்லாவற்றையும் பூட்டி, ஐந்நூறு கிலோமீற்றர் ஓடி, மூன்றாவது சிலிண்டரின் வால்வு இடைவெளியை, அதாவது வால்வின் தண்டுக்கும் அதைத் தள்ளும் நெம்புக்கும் நடுவே விடும் நூலளவு வெளியை, மறுபடி அளந்த பின்புதான் உனக்கு எழுதுவது என்று உறுதியாக இருந்தேன். நேற்றுக் காலை எஞ்சின் நன்றாக ஆறியிருந்த வேளையில் அளந்து பார்த்தேன்.

தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிரும், காரின் பின்புறத்தில் இருக்கும் இந்த எஞ்சினுக்காக இவ்வளவு அலைச்சல் எதற்கு, ஒரு யப்பானிய எஞ்சினைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்துவிடாதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்த எட்டு மாதத்தில் நடந்ததை எழுதுகிறேன், அதிலிருந்து நீயே அறிந்துகொள்வாய்.

கார் மானிப்பாய்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வளவில், ஓலைக் கொட்டிலுக்குள், 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது விட்டுப்போன இடத்திலேயே நின்றது. பதிவுப் புத்தகத்தில் 1964 என்று எழுதியிருந்தது. ஆனால் பின் இருக்கைக்கு அடியில், நடுவே ஓடும் முதுகுத் தகட்டில் பொறித்திருந்த இலக்கம் 115 என்று தொடங்கியது. முதல் இரண்டு இலக்கங்கள் வண்டியின் வகையையும் மூன்றாவது இலக்கம் மாதிரி ஆண்டையும் காட்டும் முறை 1965ஆம் ஆண்டு மாதிரியோடு வந்தது என்பது உனக்குத் தெரியும். ஆகவே இது 1965 மாதிரி: 1192 கன சென்ரிமீற்றர், 34 குதிரைவலு, ஆறு வோல்ற். ஆண்டைச் சரியாக அறிவதில் நான் இவ்வளவு கருத்தாக இருந்ததற்குக் காரணம் உண்டு. வெளித்தோற்றம் பெரிதாக மாறாமலே இந்தக் காரின் உள்ளே ஆண்டுக்கு ஆண்டு ஏதாவது மாறியிருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டுவரை விசிறியின் வாயில் ஒரு வளையம் காற்றைக் கட்டுப்படுத்தியது. 1965இலிருந்து விசிறிக் கூட்டுக்குள் மடல்கள் வந்தன. எந்த உறுப்பு இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே எந்த உறுப்பு காணாமற் போயிருக்கிறது என்று தெரியும்?

உடல் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உப்புக்காற்று தன் வேலையைச் செய்திருந்தது. பற்றரி இருந்த மூலை அமிலம் பட்டு ஓட்டையாகியிருந்தது. சுன்னாகத்தில் ஒருவர் புதுத் தகடு வெட்டி ஒட்டித் தந்தார். எஞ்சினைத் திறந்தபோதுதான் மனம் கனத்தது. பிஸ்ரன்களின் தலையில் கரி தடித்துக் கல்லாகக் கிடந்தது. எஞ்சின் அறையின் ஓரத்தில் ஒரு சிறு போத்தலைத் தாங்கும் தகடும் அதிலிருந்து காபரேற்றருக்கு வரும் மெல்லிய குழாயும் இன்னும் இருந்தன. எண்பதுகளின் கடைசியில் நீ புறப்பட்டுவிட்டாய். பெற்றோலுக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில், ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் மூச்சுப் பிடித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடியதை நீ பார்த்திருக்க மாட்டாய். இந்தக் காரும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. எத்தனை நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்குமோ தெரியாது. அந்தத் தாங்கு தகட்டை நான் கழற்றவில்லை, அது அங்கேயே இருக்கட்டும்.

கரியைச் சுரண்டி, புது வளையங்கள் போட்டு, வால்வுகளை அரைத்துப் பூட்டினேன். முதல் நாளே எஞ்சின் இயங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உன் மாமாவின் கார் உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும் மாலை வேளைகள் நினைவுக்கு வந்தன. ஆனால் சாவகச்சேரியைத் தாண்டுவதற்குள் இழுவை குறைந்தது. எரிந்த ஒயில் மணந்தது. நிறுத்தி ஒயில் குச்சியை உருவினால் அதன் முனையை விரலால் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மறுநாள் காலை அளந்தபோது, எல்லா வால்வுகளுக்கும் 0.15 மில்லிமீற்றர் வைத்திருந்த இடைவெளி, மூன்றாவது சிலிண்டரின் எக்சோஸ்ற் வால்வில் மட்டும் அறவே இல்லாமற் போயிருந்தது. திருகிச் சரிசெய்தேன். இருநூறு கிலோமீற்றருக்குப் பிறகு மறுபடியும் இல்லை.

தேய்மானம் பொதுவாக இடைவெளியைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. குறைகிறது என்றால், ஒன்றில் வால்வின் தண்டு சூட்டில் இளகி நீள்கிறது, அல்லது வால்வு அமரும் வளையம் சிலிண்டரை மூடும் தலைப்பகுதியான ஹெட்டுக்குள் அமிழ்கிறது. இரண்டில் எதுவானாலும், அடுத்து அந்த வால்வின் தலை முறிந்து பிஸ்ரனுக்குள் விழுந்துவிடக்கூடும். ஆகவே திருகித் திருகி ஓட்டும் துணிவு எனக்கு இருக்கவில்லை. ஹெட்டைக் கழற்றினேன். பிளக் துவாரத்துக்கும் வால்வு வளையத்துக்கும் நடுவே மயிரிழை போன்ற வெடிப்பு. வால்வின் தண்டு கழுத்துப் பகுதியில் மெலிந்து இழுபட்டிருந்தது.

இங்குள்ள அனுபவசாலிகள் சிலரிடம் கேட்டேன். மூன்றாவதன் குணமே அதுதான், வேறு ஹெட் போட்டு ஓட்டுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்த எஞ்சினில் ஒயில் கூலர் விசிறிக் கூட்டின் உள்ளே, இடது பக்கத்தில், மூன்றாவது சிலிண்டருக்கு நேர் மேலே நிமிர்ந்து நிற்கிறது. விசிறி தள்ளும் காற்று முதலில் ஒயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு, வேகமும் குறைந்து, பிறகுதான் அந்தச் சிலிண்டருக்கு வந்து சேர்கிறது. செய்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பின்னாளில் வந்த, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் சில டிஸ்ரிபியூட்டர்களில் மூன்றாவதற்கு மட்டும் பொறி சில பாகை பிந்தி விழும்படி வைத்தார்கள். 1971 மாதிரியில் கூலரையே விசிறிக் கூட்டுக்கு வெளியே தள்ளி அதற்கென்று தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். ஆயினும் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. 1965ஆம் ஆண்டுக் கார் முப்பது வருடம் ஓடியிருக்கிறது. குணம் மட்டும் காரணமானால் இருநூறு கிலோமீற்றரில் வால்வு நீளுமா?

கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கிய ஹெட்டைப் பூட்டுவதற்கு முன், முதல் முறை சோம்பலால் செய்யாமல் விட்டதைச் செய்தேன். டைனமோவோடு சேர்த்து விசிறிக் கூட்டை முழுதாக மேலே தூக்கினேன். ஒயில் கூலரின் செதில்களுக்கு இடையே குளவிகள் மண் வைத்துக் கட்டியிருந்தன. அதற்குக் கீழே, மூன்றாவது சிலிண்டரின் தலையில், தென்னந்தும்பும் பஞ்சும் திணித்து ஓர் அணில் கூடு. கொட்டிலில் நின்ற இத்தனை ஆண்டுகளில் அதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைத்திருக்காது. வெளியிலிருந்து எப்படிக் குனிந்து பார்த்தாலும் தெரியாத இடம் அது. மருமகன் உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "மாமா, இதோடு எப்படி அது சாவகச்சேரி வரைக்கும் போனது?" என்று கேட்டான்.

அணில் கூட்டை அகற்றியதும் விடை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் எஞ்சினைச் சுற்றிப் பார்க்கப் பார்க்க, அணில் செய்ததைவிட மனிதர் செய்ததே அதிகம் என்று தெரிந்தது. சிலிண்டர்களுக்கு அடியில், இரண்டுக்கும் நடுவே செருகியிருக்க வேண்டிய சிறு தகடுகள் இரு பக்கமும் இல்லை. அவை இல்லாவிட்டால் காற்று செதில்களைச் சுற்றி வளைந்து போகாமல் குறுக்கு வழியில் நேரே கீழே விழுந்துவிடும். சிலிண்டரின் மேற்பாதி குளிர, கீழ்ப்பாதி வேகும். விசிறிக் கூட்டின் இரு பக்கமும் உள்ள ஹீற்றர் குழாய்களை, யாழ்ப்பாணத்தில் ஹீற்றர் எதற்கு என்று யாரோ கழற்றியிருக்கிறார்கள்; அது நியாயம். ஆனால் துவாரங்களை மூடாமல் விட்டுவிட்டார்கள். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்றில் ஒரு பங்கு அந்த இரண்டு வாயாலும் வீணே வெளியேறிக்கொண்டிருந்தது. எஞ்சின் தகட்டுக்கும் காரின் உடலுக்கும் நடுவே வர வேண்டிய றப்பர் பட்டி உக்கிப் போய், விரல் நுழையும் இடைவெளி நான்கு பக்கமும் இருந்தது.

இந்தக் கடைசிக் குறையை மருமகன் நம்பவில்லை. ஒரு றப்பர் பட்டி என்ன செய்துவிடப் போகிறது என்றான். விசிறிக் கூட்டைத் திரும்பப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டு, சாமி அறையிலிருந்து சாம்பிராணித் தட்டை எடுத்துவந்து காருக்கு அடியில், சைலன்சருக்குப் பக்கத்தில் வைத்தேன். பின் மூடியைச் சற்றே திறந்து கைவிளக்கைப் பிடித்தபோது, புகை இடைவெளியால் மேலே ஏறி, விசிறியின் வாயை நோக்கி நூல் பிடித்தாற்போல் போவதை இருவரும் பார்த்தோம். சைலன்சரும் சிலிண்டர்களும் வெளியே தள்ளிய சூட்டை விசிறி மறுபடி உறிஞ்சி அதே சிலிண்டர்களுக்கு ஊதிக்கொண்டிருந்தது. அன்றிரவுதான் உனக்கு அந்த நீண்ட பட்டியலை எழுதினேன்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் பழகியதெல்லாம் தண்ணீர் ஓடும் எஞ்சின்கள். அவற்றில் தண்ணீர் எங்கே ஒழுகினாலும் நிலத்தில் தெரியும், பார்த்தவுடன் அடைத்துவிடுவோம். இந்தக் காரில் ஒழுகுவது காற்று, கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கழற்றுவதற்கு இடைஞ்சலாக இருந்த ஒவ்வொரு தகட்டையும் அலங்காரம் என்று எண்ணி ஒவ்வொருவராக எறிந்துவிட்டார்கள். ரேடியேற்றரைக் கழற்றி எறிந்துவிட்டு எஞ்சின் ஏன் சூடாகிறது என்று கேட்பதற்கு இது சமம். நான் இதை மிகுந்த உறுதியோடு சொல்கிறேன்: இந்த எஞ்சினில் தகடும் ஓர் உறுப்பு, பிஸ்ரனுக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு. இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். உறையாத, கொதிக்காத ஒன்றைக் கொண்டு எஞ்சினைக் குளிர்விக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுப் பனியை மனத்தில் வைத்துத்தான் காற்றைத் தேர்ந்தார்கள். ஆனால் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நம்முடைய கிணற்றுத் தண்ணீர் எத்தனை ரேடியேற்றர்களுக்குள் உப்புப் படியவைத்து அடைத்திருக்கிறது என்று நினைக்கும்போது, இந்தக் கார் நம் மண்ணுக்கென்றே செய்யப்பட்டது போல எனக்குத் தோன்றுகிறது.

தேமோஸ்ரற் விடயத்தில் இங்கே எனக்கு ஆதரவு கிடைக்கவில்லை. எப்போதும் முப்பது பாகைக்கு மேல் வெயில் அடிக்கும் ஊரில் மடல்கள் எப்போதும் திறந்தே இருக்கட்டும் என்கிறார்கள். ஆனால் குளிர்ந்த எஞ்சின் ஓடும் அந்த முதல் நிமிடங்களில்தான் சிலிண்டர் அதிகம் தேய்கிறது. 65 முதல் 70 பாகையில் விரிந்து மடல்களைத் திறக்கும் அந்தச் சிறு துருத்தி, வெடித்துக் கெட்டுப்போனாலும் விரிந்த நிலையிலேயே நிற்கும். அதாவது மடல்கள் திறந்திருக்கும். கெடும்போதும் எஞ்சினைக் காப்பாற்றும் பக்கமாகவே கெடும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அதை நம்பாமல் வேறு எதை நம்புவது? நீ அனுப்பியதைப் பூட்டிவிட்டேன்.

எர்த் பட்டியை எதற்குக் கேட்டேன் என்று சொல்லவில்லையே. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்ராட்டர் முனகி முனகித்தான் சுற்றியது. ஆறு வோல்ற் என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பன்னிரண்டு வோல்ற் காரின் மெல்லிய வயரைப் பற்றரிக்குப் போட்டிருந்தார்கள். அதே வேலைக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் போக வேண்டிய இடத்தில் அது போதாது. தடித்த வயர் போட்டேன், சற்றே முன்னேற்றம். ஸ்ராட்டரைக் கழற்றிப் புதுக் கரிகள் வைத்தேன், அதுவும் சற்றே. இதற்கிடையில் அக்சிலரேற்றர் கேபிள் ஒன்று அறுந்தது. பழைய உரிமையாளரும் அதை இரண்டு மூன்று தடவை மாற்றியதாகச் சொன்னார். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாள் நான் சாவியைத் திருப்ப, மருமகன் பின்னால் நின்று காபரேற்றர் பக்கத்துக் கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்திருந்தான். ஸ்ராட்டர் சுற்றிய சில நொடிகளில் "சுடுகிறது!" என்று கையை உதறினான்.

அந்த ஒரு சொல்லில் முடிச்சு அவிழ்ந்தது. எஞ்சினும் கியர்பெட்டியும் றப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கின்றன. றப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்ராட்டருக்குள் போன மின்சாரம் பற்றரிக்குத் திரும்ப, கியர்பெட்டியின் முன் மூக்கிலிருந்து உடலுக்கு வரும் பின்னல் பட்டி ஒன்றுதான் வழி. அந்தப் பட்டி துருப்பிடித்து அறுந்து, மேலே தார் பூசப்பட்டுக் கிடந்தது. வழி அடைபட்ட மின்சாரம் அக்சிலரேற்றர் கேபிளையும் கிளச் கேபிளையும் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது. கேபிள்கள் ஏன் அடிக்கடி அறுந்தன என்பதற்கும் அதுவே விடை. நீ அனுப்பிய பட்டியைப் பூட்டிய நாள் முதல் சூட்டிலும் ஸ்ராட்டர் தயங்காமல் சுற்றுகிறது.

சூட்டில் கருகி இழை பிரிந்த அந்தப் பழைய கிளச் கேபிளும் ஒரு வேலைக்கு உதவியது. மழை பெய்து ஓய்ந்த காலைகளில் கார் முதல் பத்து நிமிடமும் இடறி இடறி ஓடும். மூடியைத் திறந்து பார்த்தபோது, காபரேற்றருக்குக் கீழுள்ள குழாய் முழுவதும் பனி பூத்த செம்புபோல நீர்முத்து வழிந்துகொண்டிருந்தது. பெற்றோல் ஆவியாகும்போது குழாயின் சூட்டை உறிஞ்சிவிடும். ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது. அதைச் சூடாக்கவென்றே கூட ஓடும் மெல்லிய புகைக்குழாய் ஒன்று உண்டு. மண்ணெண்ணெய்க் கரியால் அது முற்றாக அடைபட்டிருந்தது. கேபிளின் இழைகளை விரித்து, துளைபொறியில் மாட்டி, இரண்டு பக்கமிருந்தும் ஒரு முழுப் பகல் சுற்றிக் கரியை எடுத்தேன். இப்போது எஞ்சின் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அந்தக் குழாயைத் தொட்டால் கை பொறுக்காது, இடறலும் இல்லை.

இனி நேற்றைய அளவு. புது ஹெட்டோடும், உன் தகடுகளோடும், பட்டியோடும், மூடிய ஹீற்றர் துவாரங்களோடும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றர். பரந்தன்வரை ஒரு தடவை நிற்காமல், நல்ல மத்தியான வெயிலில் போய் வந்தேன். திரும்பி வந்ததும் ஒயில் குச்சியின் முனையைப் பிடித்துப் பார்த்தேன். சூடுதான், ஆனால் பிடிக்க முடிந்தது. நேற்று மூன்றாவது சிலிண்டரின் எக்சோஸ்ற் வால்வுக்குள் 0.15 தகட்டை நுழைத்தேன். ஐந்நூறு கிலோமீற்றருக்கு முன் எந்த இறுக்கத்தில் போனதோ அதே இறுக்கத்தில் போனது. மருமகனிடம் கொடுத்தேன், அவனும் நுழைத்துப் பார்த்தான். இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றை உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. உன் மாமா ஒரு தடவை நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, டைனமோவின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்த கணமே காரை நிறுத்தி, பிளக் கழற்றும் ஸ்பனராலேயே டைனமோக் கப்பியைத் திறந்து புதுப் பெல்ற் போட்டது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பெல்ற் அறுந்தால் டைனமோவும் நிற்கும், அதே அச்சிலுள்ள விசிறியும் நிற்கும். ஆகவே இந்தக் காரில் அந்த விளக்கை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். இப்போது இரவில் முன் விளக்குகளைப் போட்டால், அது கரி கனல்வதுபோல மெல்ல எரிகிறது. பெல்ற் சரியாக இருக்கிறது. விரலால் அழுத்தினால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவே தாழ்கிறது. பகலில் விளக்கு முற்றாக அணைந்திருக்கும். டைனமோவுக்கும் பற்றரிக்கும் நடுவே எங்கோ ஓர் இணைப்பில் மின்னழுத்தம் விழுகிறது என்று சந்தேகிக்கிறேன். மின்னழுத்தத்தைச் சீராக்கும் றெகுலேற்றரின் தொடுமுனைகளாகவும் இருக்கலாம். நான் அதைத் திறப்பதற்கு முன், உன்னிடமுள்ள ஆறு வோல்ற் வயர் வரைபடத்தில் றெகுலேற்றரிலிருந்து பற்றரிக்கு வரும் வயரின் தடிப்பு என்ன என்று பார்த்து எழுது. படத்தைப் பிரதி எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

வீட்டில் எல்லோரும் நலம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

உன் அன்பு நண்பன்.